கார்ட் வண்டியில் மாரியோ: பெரிய லெகோ உருவம் கட்டுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் எங்கள் வீட்டு ஆசாரத்தில், வாசலைத் தாண்டியதும் கண்ணில் படும் மேசையின்மேல், அறுபது சென்டிமீட்டர் நீளமுள்ள சிவப்புப் பந்தய வண்டியில் மாரியோ அமர்ந்திருக்கிறார். வண்டியும் ஆளும் முழுக்க லெகோ எனப்படும், ஒன்றோடொன்று பொருத்தும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளால் ஆனவை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டைகள், பதினொரு மாத மாலை நேரங்கள், ஒருமுறை முழுதாகப் பிரித்து மீண்டும் கட்டிய உழைப்பு ஆகியவற்றால் அது உருவானது. வீட்டுக்கு வரும் உறவினரும், பிள்ளைகளின் தோழர்களும், இதே போன்ற ஒன்றைத் தாமே கட்ட விரும்புவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

யார் இந்த மாரியோ? கட்டுவதற்கு அவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட டாங்கி காங் என்னும் வீடியோ விளையாட்டில் முதன்முதலாகத் தோன்றியவர் மாரியோ. அவரை வடிவமைத்தவர் ஷிகெரு மியாமோட்டோ. அந்த முதல் விளையாட்டில் அவர் ஒரு தச்சர். குழாய் வேலை பின்னர்தான் வந்தது. 1992இல் வெளிவந்த சூப்பர் மாரியோ கார்ட் அவரைச் சிறு பந்தய வண்டியில் ஏற்றியது.

தேர்வுக்குக் காரணம் அவருடைய தோற்றம் பிறந்த கதைதான். அந்தக் காலத் திரையில் ஓர் ஆளை வரைய ஏறத்தாழ பதினாறுக்குப் பதினாறு புள்ளிகளே கிடைத்தன. அத்தனை சிறிய இடத்தில் வாயை வரைய இயலாததால் மூக்குக்குக் கீழே மீசை வைத்தார்கள். தலைமுடியை வரைவது கடினமானதால் தொப்பி போட்டார்கள். கை அசைவது உடலிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காகச் சட்டைக்கு ஒரு நிறமும் அதன்மேல் அணியும் தோள்பட்டைக் கால்சட்டைக்கு வேறொரு நிறமும் கொடுத்தார்கள். கட்டைகளால் உருவம் செய்பவருக்கும் இதே நெருக்கடிதான். கையில் இருப்பவை நுண்ணிய களிமண் அல்ல, கட்டைகளின்மேல் எட்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ்கள். புள்ளிகளின் பஞ்சத்தில் பிறந்த முகம், கட்டைகளின் பஞ்சத்திலும் தன் அடையாளத்தை இழப்பதில்லை.

இதற்கென்றே பெட்டியில் விற்கும் தொகுப்பு இருக்கிறதே, அதைக் கட்டினால் போதாதா?

பெரும்பாலோருக்குப் போதும், முதலில் அதையே கட்டுங்கள் என்றும் சொல்வேன். லெகோ நிறுவனம் 2025 மே மாதத்தில் 72037 என்ற எண்ணுடன் வெளியிட்ட மாரியோவும் ஸ்டாண்டர்ட் கார்ட்டும் என்ற தொகுப்பில் 1,972 கட்டைகள் உள்ளன. கட்டி முடித்தால் சுமார் 32 சென்டிமீட்டர் நீளமும் 22 சென்டிமீட்டர் உயரமும் வரும். வெளியானபோது அமெரிக்காவில் அதன் விலை 170 டாலராக இருந்தது. வண்டியைச் சாய்த்து வளைவில் திரும்புவது போல நிறுத்துவதற்கு ஒரு தாங்கியும் உண்டு. கையேட்டின்படி கட்டும்போது, கட்டை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, கனம் எங்கே இறங்குகிறது, எந்த இணைப்பு பின்னால் வரப்போகும் எந்த இணைப்புக்காகக் காத்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டே போனால், அந்தக் கையேடே நல்ல ஆசிரியராகிவிடும். அதைக் கட்டிய பிறகுதான், இரு மடங்கு பெரிதாக நானே ஒன்றைத் திட்டமிடும் துணிவு எனக்கு வந்தது.

இரு மடங்கு பெரிதென்றால் இரு மடங்கு கட்டைகள் போதுமா?

போதாது. இந்தக் கணக்கில் தவறித்தான் பலரும் பாதியில் நிற்கிறார்கள். நீளம் இரு மடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. உள்ளேயும் நிரப்பினால் கனஅளவு எட்டு மடங்காகிறது. 1,972 கட்டைகள் கொண்ட உருவத்தை இரு மடங்காக்க, உள்ளே கூடாக விட்டால் ஏறத்தாழ எட்டாயிரமும், முழுதும் நிரப்பினால் பதினைந்தாயிரத்துக்கு மேலும் தேவைப்படும். எனவே பெரிய உருவம் என்பது வெளியே ஓடு, உள்ளே அதைத் தாங்கும் கூடு என்ற கட்டுமானமாகத்தான் இருக்க முடியும். ஓட்டின் கனம் இரண்டு குமிழ் அகலத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அப்படியிருந்தும், மளிகைக் கடைத் தராசில் மொத்தம் ஆறரைக் கிலோ காட்டியது.

எங்கிருந்து தொடங்க வேண்டும்? தலையிலிருந்தா, சக்கரத்திலிருந்தா?

இரண்டிலிருந்தும் அல்ல, இருக்கையிலிருந்து. இதைத்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்துகிறேன்.

முதல் முறை நான் வண்டியைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் கட்டினேன். தனித்தனியே பார்த்தபோது இரண்டும் அழகாக இருந்தன. ஆளைத் தூக்கி வண்டியில் வைத்தபோதோ, அவர் பந்தயம் ஓட்டுபவராகத் தெரியவில்லை, கட்டிலின்மேல் வைத்த மூட்டையைப் போலத் தெரிந்தார். முழங்கால் முன்பலகையில் இடித்தது. கைகள் ஸ்டியரிங்குக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டன. நான்கு மாத வேலையைப் பிரிக்க நேர்ந்தது.

அந்தச் சோர்வில் இருந்த நாளொன்றில், வேறொரு காரியமாகத் திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தபோது, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் தொழில் இது. ஆலையிலிருந்து எஞ்சினும் ஸ்டியரிங்கும் பொருத்திய வெறும் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், வந்து சேரும். ஓட்டுநர் அமரும் கேபினையும் பின்னால் உள்ள உடலையும் இங்கேதான் கட்டுவார்கள். எதை வைத்து அளவு எடுப்பீர்கள் என்று நான் கேட்டதற்கு அங்கிருந்த மூத்த மிஸ்திரி, "மொதல்ல ஆளு உக்கார்ற எடத்த முடிவு பண்ணோணுங்க, கண்ணு. ஸ்டேரிங்கு அங்கயே நிக்குது, அத நகத்த முடியாது. ஆளு உக்காந்துட்டாருன்னா மத்தது எல்லாம் அவரச் சுத்தித் தானா வந்துரும்" என்றார். என் பிழை என்னவென்று அவருடைய சொல்லில் விளங்கிவிட்டது.

உண்மையான கார்ட் வண்டியிலும் நிலைமை இதுவே. 1956இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை அந்த வண்டிக்குக் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரு பக்கச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியலும் கிடையாது. குழாய்ச் சட்டமும் நான்கு சக்கரமும் எஞ்சினும் மட்டுமே. வண்டி அத்தனை இலேசாக இருப்பதால், அதில் ஏறும் ஆளின் எடையே மொத்த எடையில் பெரும்பங்காகி, இருக்கையை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால்கூட வளைவில் வண்டியின் போக்கு மாறிவிடுகிறது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கார்ட் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு, தரையோடு தரையாக அமர்ந்த ஓட்டுநரின் உடலே வண்டியின் மேற்பாதியாக இருப்பது நினைவிருக்கும். 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனைத் தந்த ஊரின் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த எளிய உண்மையை நான் முதலிலேயே கவனிக்காமல் விட்டது குறித்து இன்னும் வருத்தம் உண்டு.

எனவே இரண்டாவது முறை, இடுப்பு, இருக்கை, ஸ்டியரிங், அதைப் பிடித்த இரு கைகள் ஆகிய நான்கை மட்டும் முதலில் கட்டினேன். கழுத்துக்கு மேலும் ஒன்றுமில்லை, முழங்காலுக்குக் கீழும் ஒன்றுமில்லை. அந்த நிலையிலேயே, அரைகுறையாக நின்ற கட்டைக் குவியல் ஒன்று வண்டி ஓட்டுவது போலத் தெரிந்தது. அதன் பிறகு கட்டியவை எல்லாம் தடையின்றி வந்தன.

கட்டைகளின் அளவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

மூன்று எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவரை 8 மில்லிமீட்டர். சாதாரணக் கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். பிளேட் என்று அழைக்கப்படும் தட்டைக் கட்டையின் உயரம் 3.2 மில்லிமீட்டர், அதாவது மூன்று பிளேட் அடுக்கினால் ஒரு கட்டை.

இவற்றிலிருந்து பிறக்கும் உறவுதான் பெரிய உருவம் கட்டுவோருக்கு வாய்ப்பாடு: ஐந்து பிளேட்டின் உயரம் 16 மில்லிமீட்டர், இரண்டு குமிழின் அகலமும் 16 மில்லிமீட்டர். ஆகவே குமிழ்கள் மேலே பார்த்து நிற்கும் பகுதியையும் பக்கவாட்டில் பார்த்து நிற்கும் பகுதியையும் இடைவெளி இல்லாமல் பொருத்த முடியும். இதே கணக்கில் ஐந்து கட்டை உயரமும் ஆறு குமிழ் அகலமும் சமம். குமிழைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டும் இந்த முறை இல்லாவிட்டால் உருவம் முழுவதும் படிக்கட்டு படிக்கட்டாகத்தான் இருக்கும். கன்னமோ தொப்பியோ வழவழப்பாக வராது.

தலையை எப்படி உருண்டையாக்கினீர்கள்?

கட்டுவோர் லோவல் கோளம் என்று அழைக்கும் முறை ஒன்று உண்டு. நடுவில் ஆறு பக்கமும் குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும் கனசதுரம் ஒன்றை வைத்து, ஒரே மாதிரியான ஆறு வளைந்த தகடுகளைக் கட்டி, ஒவ்வொரு முகத்திலும் ஒன்றாகப் பொருத்துவதே அது. மேலிருந்து கீழாக அடுக்கிச் செல்லாமல் ஆறு திசையிலிருந்தும் நடுவை நோக்கி வருவதால், எந்தப் பக்கம் பார்த்தாலும் உருண்டையாகவே இருக்கும்.

என் மாரியோவின் தலை 16 சென்டிமீட்டர் குறுக்களவு, அதாவது 20 குமிழ். நடுக் கனசதுரம் 12 குமிழ் அகலம். 12 குமிழ் என்பது 96 மில்லிமீட்டர்; பத்துக் கட்டை உயரமும் 96 மில்லிமீட்டர்தான் என்பதால் கனசதுரம் துல்லியமாக அமைந்தது. மீதமுள்ள எட்டுக் குமிழில் பக்கத்துக்கு நான்கு வீதம் தகடுகளுக்கு ஒதுங்கியது. நான்கு குமிழ் என்பது பத்து பிளேட் கனம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி முடித்த இரவில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி, தலை முழுதாக முடிந்த நாளில்கூட ஏற்படவில்லை.

ஆனால் முழு உருண்டை மாரியோவின் தலை ஆகாது. கன்னம் பக்கவாட்டில் புடைக்க வேண்டும், பின்மண்டை சற்றுத் தட்டையாக இருக்க வேண்டும், மூக்கு மிகப் பெரிதாக இருக்க வேண்டும். மீசையில் நான் நெடுநாள் தடுமாறினேன். முதலில் முகத்தின் வளைவை ஒட்டியே மீசையைக் கட்டியதில், அது முகத்தில் பூசிய கரியைப் போலத் தட்டையாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்துக் காவல்தெய்வக் கோயில்களில், திறந்தவெளியில் அமர்ந்திருக்கும் முனியப்பன் சிலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: சாலையில் போகிறவரின் கண்ணுக்கே எட்ட வேண்டும் என்பதால் விழியும் மீசையும் மனித அளவை மீறி, முகத்திலிருந்து தனியே புடைத்து, நிழல் விழும்படி செய்யப்பட்டிருக்கும். சிலை செய்பவர்கள் பல தலைமுறையாக அறிந்த அந்த நுட்பத்தை இங்கே பின்பற்றினேன். மீசையை முகத்திலிருந்து மூன்று பிளேட் கனத்துக்கு முன்னே தள்ளி, அதன் கீழ் விளிம்பில் நிழல் விழச் செய்தேன். ஆசாரத்தின் மறுகோடியிலிருந்து பார்க்கும்போதும் முகம் இப்போது தெளிவாக இருக்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது?

வண்டியின் அடியில் டெக்னிக் வகைச் சட்டங்கள் உள்ளன. துளையிட்ட நீண்ட கட்டைகளை ஊசி போன்ற பின்களால் கோத்துக் கட்டுவது அந்த வகை. குமிழ்ப் பிடிப்பை மட்டும் நம்பி நிற்கும் கட்டுமானம் மேல்நோக்கி இழுத்தால் பிரிந்துவிடும். பின் கோத்த சட்டம் அப்படிப் பிரியாது. இரண்டு நீளச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் ஐந்து குறுக்குச் சட்டங்கள், அவற்றின்மேல் இருக்கை என்று லாரிச் சேசிஸின் அமைப்பையே பின்பற்றினேன். இருக்கையின் வழியாக மேலேறும் இரண்டு சட்டங்கள் மாரியோவின் இடுப்புக்குள் நுழைந்து மார்புவரை சென்று, அவருடைய முதுகெலும்பாகின்றன. ஆளும் வண்டியும் ஒரே எலும்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

ஓட்டுக் கட்டைகளை அடுக்கும்போது கொத்தனாரின் விதியை மீறாதீர்கள். ஒரு வரிசையில் இரண்டு கட்டைகள் சேரும் சந்துக்கு நேர் மேலே அடுத்த வரிசையின் சந்து வரக் கூடாது. வந்தால் அந்த நேர்கோட்டிலேயே உருவம் பிளக்கும்.

கைகள் ஸ்டியரிங்கை உண்மையாகவே பிடித்திருக்கின்றனவா?

ஆம். தோளில் பல் வைத்த கீல் உள்ளது. அது படிப்படியாக மடங்கிப் பூட்டிக்கொள்ளும் வகை. மணிக்கட்டில் பந்துக்கிண்ண மூட்டு. வெள்ளைக் கையுறையின் உள்ளங்கையில் ஒளித்து வைத்த கிளிப், ஸ்டியரிங் வளையத்தில் உள்ள கம்பியைக் கவ்வுகிறது. தோளிலும் பந்துக்கிண்ண மூட்டையே வைத்திருந்தால், கையின் எடை தாளாமல் சில நாட்களில் தொங்கிப்போயிருக்கும். எடை ஏறும் இடத்தில் பல்லுள்ள கீல், கோணம் நுட்பமாக அமைய வேண்டிய இடத்தில் பந்து என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

சக்கரங்கள் உருளுமா?

சுழலும், ஆனால் உருளாது. ஆறரைக் கிலோவைச் சிறு அச்சுகளின்மேல் ஏற்றினால் அவை வளைந்துவிடும் என்பதால், மொத்த எடையும் நடுச்சட்டத்தின் வழியாகத் தாங்கிக்கு இறங்குகிறது. சக்கரங்கள் தரையைத் தொடுவதில்லை.

வண்டியைச் சாய்த்து நிறுத்தியிருக்கிறீர்களே, விழாதா?

உருவத்தின் எடைமையம் தாங்கியின் அடிப்பரப்புக்கு நேர்மேலே இருக்கும்வரை விழாது. பெரிய தலை உயரத்தில் இருப்பதால், சிறிது சாய்த்தாலும் மையம் வேகமாக வெளியே நகரும். இதைக் கணக்கிடுவதற்குப் பதிலாக நான் தூக்குக்குண்டைப் பயன்படுத்தினேன். வண்டியை மட்டும் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, கயிற்றின் நேர்கோட்டைக் குறித்துக்கொண்டு, வேறொரு முனையிலிருந்து மீண்டும் தொங்கவிட்டுக் குறித்தால், இரு கோடுகளும் வெட்டும் இடமே மையம். பிறகு ஆளின் உடலையும் அதே போலக் கண்டறிந்து, இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில், நான் நினைத்ததைவிட மூன்று சென்டிமீட்டர் பின்னால் தாங்கியை வைக்க வேண்டியிருந்தது.

சாய்க்கும்போது ஆளின் தலையை வண்டியோடு சேர்த்துச் சாய்த்துவிடாதீர்கள். வளைவில் திரும்பும் ஓட்டுநர், தலையை முடிந்தவரை நிமிர்த்தி, வளைவின் உட்புறத்தைப் பார்ப்பார். கழுத்தைச் சில டிகிரி எதிர்ப்பக்கம் நிமிர்த்தி வைத்த உடனேயே உருவத்துக்கு வேகம் வந்தது.

கணினியில் வரைந்த பிறகுதான் கட்ட வேண்டுமா?

ஆயிரம் கட்டைகளுக்கு மேல் போனால் வரைவதே நல்லது. பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டைகளின் பட்டியலை அதுவே நிறம் வாரியாகத் தயாரித்துத் தரும், இணைப்பில்லாமல் மிதக்கும் பகுதிகளையும் சுட்டிக்காட்டும். ஆனால் திரையில் புவியீர்ப்பு இல்லை. கழுத்து, தோள், இருக்கை, தாங்கி ஆகிய நான்கையும் கையில் உள்ள பழைய கட்டைகளால், எந்த நிறமானாலும், முதலில் கட்டி அசைத்துப் பார்த்த பிறகே பட்டியலை இறுதி செய்யுங்கள்.

கட்டைகளை எங்கே, எப்படி வாங்குவது? செலவு எவ்வளவு?

ஒரு கட்டைக்குப் பத்து அமெரிக்க சென்ட் என்பது இத்துறையில் நெடுநாளாகச் சொல்லப்படும் உத்தேசக் கணக்கு. முன்னர் கூறிய 1,972 கட்டைத் தொகுப்பில் அது ஒன்பது சென்ட்டுக்கும் குறைவாக வருகிறது. தனிக் கட்டைகளாக வாங்கும்போது வடிவத்தையும் நிறத்தையும் பொறுத்து இது பெரிதும் மாறும். சிவப்பிலும் நீலத்திலும் கிடைக்காத வடிவம் இல்லை எனலாம். தோல் நிறத்தில் வடிவங்கள் குறைவு. ஆகையால் முகத்தின் வடிவமைப்பை, அந்த நிறத்தில் என்னென்ன கிடைக்கின்றன என்று பார்த்த பிறகே தொடங்குங்கள்.

உலகெங்கும் உள்ள சிறு விற்பனையாளர்கள் தனிக் கட்டைகளை விற்கும் சந்தை பிரிக்லிங்க். 2019இல் லெகோ நிறுவனமே அதை வாங்கியது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது சுங்க வரியை மறக்க வேண்டாம். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரியை நம் அரசு 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தியது. ஆணை கொடுப்பதற்கு முன் அன்றைய வரி விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பத்துச் சிறு பொட்டலங்களாக வரவழைத்தால் அஞ்சல் செலவே கட்டை விலையைத் தின்றுவிடும். நான் பொறுத்திருந்து மூன்றே முறையில் வாங்கினேன். உள்கூட்டுக்கு மறைவில் நிற்கும் கட்டைகளை, வளர்ந்துவிட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளிலிருந்து பழையதாக வாங்கியதில் பெரும்பணம் மிஞ்சியது. 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பிடிப்பு முறை இன்றுவரை தொடர்வதால், கட்டை எத்தனை ஆண்டு பழையது என்பது பொருட்டல்ல.

பிற நிறுவனங்களின் ஒத்த கட்டைகளைக் கலக்கலாமா?

அடிப்படைக் கட்டையின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாகப் பதிய முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. எனவே ஒத்த கட்டைகளைப் பல நிறுவனங்கள் முறைப்படியே செய்கின்றன, சில மிக நன்றாகவும் செய்கின்றன. ஆனால் இரண்டு கட்டைகளுக்கு இடையிலான பிடிப்பு என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைச் சார்ந்த காரியம். கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலில் இருப்பவர்களிடம் கேட்டால், அச்சு தேய்வதும் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்குவதும் அளவை எப்படி மாற்றும் என்று விளக்குவார்கள். நிறமும் ஒன்றுபோல இராது. மறைவான நிரப்புக்குக் கலக்கலாம். எடை தாங்கும் சட்டத்திலும் கண்ணுக்குத் தெரியும் ஓட்டிலும் கலக்காதீர்கள்.

பசை போட்டு ஒட்டலாமா?

பொழுதுபோக்குப் பூங்காக்களில் வெளியே நிற்கும் பெரிய உருவங்களை ஒட்டித்தான் கட்டுகிறார்கள். வீட்டில் வேண்டாம், ஒட்டியிருந்தால் என் முதல் உருவத்தின் கட்டைகள் இரண்டாவதற்கு உதவியிருக்க மாட்டா.

கட்டைகளை எப்படிப் பிரித்து வைத்தீர்கள்?

நிறம் வாரியாகப் பிரிக்கத் தோன்றும், அது தவறு. சிவப்புக் குவியலில் ஒரு சிறு சிவப்புக் கட்டையைத் தேடுவது, துவரம்பருப்புக் குவியலில் குறிப்பிட்ட ஒரு பருப்பைத் தேடுவது போன்றது. வடிவம் வாரியாகப் பிரித்தால் நிறம் தானாகக் கண்ணில் படும். மளிகை டப்பாக்களும், அன்றைய வேலைக்கு விளிம்பு உயர்ந்த தாம்பாளங்களும் எனக்குப் போதுமானவையாக இருந்தன.

பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் பெயருக்கு நிற்க வைக்கும் உதவியாளராக அல்ல. தொப்பியின் முன்விளிம்பு வளைவை என் மகள் வடிவமைத்தாள். நான் மூன்று முறை முயன்று கைவிட்ட பகுதி அது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் சிறு கட்டைகளை வாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நம் பக்கத்து வெயிலும் தூசும் கெடுக்காதா?

கெடுக்கும். கட்டைகள் ஏபிஎஸ் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளையும் நீலமும் நாளடைவில் மஞ்சள் பாய்ந்துவிடும். மேற்குச் சன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். தூசுதான் பெரிய தொல்லை. வைகாசி பிறந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஆடி, ஆவணிவரை ஓய்வதில்லை. பல்லடம், சோமனூர், திருப்பூர்ப் பக்கம் வசிப்பவர்களுக்கு அத்துடன் பஞ்சுத் துகளும் சேர்கிறது; அது குமிழ்களின் இடுக்கில் படிந்து திரிபோலாகிவிடும். அக்ரிலிக் பெட்டிக்குள் வைப்பதே நல்லது. இயலாதவர்கள் வாரம் ஒருமுறை உலர்ந்த மெல்லிய ஓவியத் தூரிகையால் துடைக்கலாம். கழுவ நேர்ந்தால் நீர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது உற்பத்தியாளரின் அறிவுரை. கழுவியதை வெயிலில் உலர்த்தாமல் மின்விசிறியின் கீழ் பரப்புங்கள்.

கட்டியதை விற்கலாமா?

உருவமும் பெயரும் உரிமையாளருடையவை. அவருடைய இசைவின்றி வணிகம் செய்ய இயலாது. உங்கள் மகிழ்ச்சிக்காக வீட்டில் கட்டி வைப்பதை யாரும் தடுப்பதில்லை.

இன்னோர் ஊருக்கு எடுத்துச் செல்ல முடியுமா?

முடியும், கழற்றி எடுத்துச் சென்றால். ஒரு பள்ளியின் கண்காட்சிக்காகப் பெருந்துறைக்குக் காரில் முழு உருவமாகவே கொண்டுபோனேன். இரண்டாவது வேகத்தடையில் கழுத்து விட்டுப்போய், தலை பின் இருக்கையின் அடியில் உருண்டது. அந்த ஆறு தகடுகளில் இரண்டு சிதறின. கண்காட்சி தொடங்குவதற்கு முன் அங்கேயே தரையில் அமர்ந்து, மாணவர்கள் கட்டைகளைப் பொறுக்கித் தர, ஒரு மணி நேரத்தில் மீண்டும் கட்டினோம்.

அதன் பிறகு கழுத்தை மாற்றினேன். தலையின் அடியில் நான்கு நீண்ட அச்சுகள் நிற்கின்றன. அவை மார்பில் உள்ள துளைகளில் இறங்குகின்றன, குறுக்கே ஒரு பின் பூட்டுகிறது. பின்னை இழுத்தால் தலை தனியே வரும். இப்போது தலை, கைகளுடன் கூடிய உடல், வண்டி என்று மூன்று பெட்டிகளில், பழைய பருத்தித் துணிகளைச் சுற்றிக் கொண்டுபோகிறோம். உடலை இருக்கையிலிருந்து எடுப்பதற்கு முன் கையுறைக் கிளிப்புகளை ஸ்டியரிங்கிலிருந்து விடுவிக்க மறக்கக் கூடாது. நிறுத்திய காரில் பகல் நேரத்தில் விட்டுவிட்டுப் போகவும் கூடாது. மூடிய காரின் வெப்பத்தில் மெல்லிய தகடுகள் வளைந்தால் பிறகு நேராவதில்லை.